ஆறு திறக்கும் நாள் ஜூன் 16: இங்கிலாந்தில் தூண்டில் போட ஓர் ஆண்டுத் திட்டம்

கேள்வி: மட்டக்களப்பு வாவிக்கரையில் தூண்டில் போட்டு வளர்ந்தவன் நான். இப்போது குடும்பத்துடன் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் வசிக்கிறேன். பக்கத்தில் தேம்ஸ் ஓடுகிறது. கென்னட் ஆறு வந்து அதில் கலக்கிறது. மறுபடியும் தூண்டில் பிடிக்க ஆசையாக இருக்கிறது. எப்போது தொடங்கலாம், என்ன அனுமதி வேண்டும், என்னென்ன வாங்க வேண்டும்? பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவரலாமா? 14 வயது மகனும் 10 வயது மகளும் கூட வருவதாகச் சொல்கிறார்கள்.

பதில்: கடைக்குப் போகும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். சால்மனும் டிரவுட்டும் நீங்கலாக மற்ற நன்னீர் மீன்களை இங்கே கோர்ஸ் மீன்கள் என்பார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் ஆறுகளிலும் ஓடைகளிலும் மார்ச் 15 முதல் ஜூன் 15 முடிய இவற்றைப் பிடிக்கத் தடை. மீன்கள் முட்டையிடும் காலம் அது. 1878-இல் வந்த நன்னீர் மீன்வளச் சட்டத்தில் இந்த ஏற்பாடு பிறந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஷெஃபீல்டு தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் முண்டெல்லா. பெரும்பாலான குளம் குட்டைகளுக்கு 1995-இலும், பெரும்பாலான கால்வாய்களுக்கு 2000-இலும் தடை நீங்கியது. ஆறுகளுக்கு இன்றும் இருக்கிறது. ஆகவே ஆற்றுக்காரரின் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. ஜூன் 16 விடியலில் தொடங்கி மார்ச் 14 மாலையில் முடிகிறது.

அடுத்தது அனுமதி. இதில் இரண்டு தனித்தனிச் சீட்டுகள் உண்டு. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது இங்கேதான். முதலாவது அரசின் தூண்டில் உரிமம். 13 வயது நிறைந்த எவருக்கும் இது கட்டாயம். ஒரு நாள், எட்டு நாள், பன்னிரண்டு மாதம் என்று அரசின் இணையதளத்தில் வாங்கலாம். 13 முதல் 16 வயது வரை இலவசம். ஆனால் இலவசம் என்பதற்காக வாங்காமல் இருக்க முடியாது. உங்கள் மகன் தன் பெயரில் ஒன்று எடுத்தாக வேண்டும். மகளுக்குத் தேவையில்லை. உரிமம் இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

இரண்டாவது, அந்தக் கரையில் மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறதோ அவருடைய சம்மதம். நம் ஊரில் ஆறு எல்லோருக்கும் பொது என்ற நினைப்பில் வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். இங்கே ஒவ்வொரு துண்டுக் கரையின் மீன்பிடி உரிமையும் நிலச்சொந்தக்காரரிடமோ, சங்கத்திடமோ, நகர மன்றத்திடமோ இருக்கும். தேம்ஸில் டெடிங்டன் மதகுக்குக் கீழே, கடல் ஓதம் ஏறி இறங்கும் பகுதியில், அரசின் உரிமம் மட்டும் போதும். ரெடிங் அதற்கு வெகுதூரம் மேலே இருக்கிறது. எனவே உள்ளூர்த் தூண்டில் சங்கம் ஒன்றில் சேருங்கள். ஆண்டுச் சந்தா கட்டினால் பல மைல் கரை திறக்கும். கூடவே, எந்த வளைவில் என்ன மீன் நிற்கும் என்று தெரிந்த பெரியவர்களின் பழக்கமும் கிடைக்கும். தேம்ஸின் சில மதகுகளிலும் தடுப்பணைகளிலும் பிடிக்க சுற்றுச்சூழல் முகமை தனி அனுமதிச் சீட்டு தருகிறது. முதல் ஆண்டில் உங்களுக்கு அது வேண்டாம். தடுப்பணை நீரின் இழுப்பு பழகியவர்களுக்கே சவால்.

மீனை வீட்டுக்குக் கொண்டுபோவது பற்றி நேராகவே சொல்கிறேன்: ஆற்று மீனைக் குழம்புக்கு எண்ணிப் போகாதீர்கள். ஆற்றில் ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு மீன்கள் பதினைந்தும், 65 சென்டிமீட்டருக்கு உட்பட்ட பைக் என்ற வேட்டை மீன் ஒன்றும் எடுக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. கிரேலிங் என்ற மீனுக்குத் தனி அளவு இருக்கிறது. விலாங்கு சிக்கினால் விட்டுவிட வேண்டும். ஆனால் உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் இந்த அளவுக்குக்கூட எடுக்கக் கூடாது. எடுத்தால் அது சட்டப்படி குற்றம். அநேகமாக எல்லாச் சங்கங்களும் பிடித்த மீனைத் திரும்ப விடச் சொல்கின்றன. இதை வெள்ளைக்காரர்களின் விசித்திரம் என்று தள்ளிவிட வேண்டாம். குளிர்ந்த நீரில் மீன் மெல்ல வளர்கிறது. ஒரு பெரிய பார்பல் மீன் பத்து ஆண்டுகளைத் தாண்டியதாக இருக்கலாம். அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அந்த மடு வெறுமையாகிவிடும். மீன் சமைத்தே ஆக வேண்டும் என்றால் கோடையில் டார்செட் கடற்கரைக்குப் போங்கள். செசில் கடற்கரையில் கானாங்கெளுத்தி கூட்டமாகக் கரையோரம் வரும். கடலில் தூண்டில் போட இந்த உரிமம் வேண்டியதில்லை. சில மீன்களுக்கு அளவு விதிகள் உண்டு. அவற்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காசு கட்டிப் பிடித்து, பிடித்ததை எடுத்துச்செல்லும் டிரவுட் குளங்களும் நாடெங்கும் இருக்கின்றன.

இனி, உங்களுக்கு நான் தரும் முக்கியமான ஆலோசனை. முதல் ஆண்டில் வாரம் ஓர் இடமாக அலைய வேண்டாம். அரை மைல் கரை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பன்னிரண்டு மாதமும் அதையே பாருங்கள். தடைக்காலமான ஏப்ரல், மே மாதங்கள் இதற்கு மிகவும் தோதானவை. தூண்டில் இல்லாமல் நடங்கள். தண்ணீரின் பளபளப்பை வெட்டும் போலராய்டு கண்ணாடி ஒன்று போதும். பாலத்தின் மேல் அசையாமல் நின்று கீழே பாருங்கள். வெளிறிய சரளைத் திட்டு எங்கே, நீர்ப்பாசி நீண்டு அலையும் இடம் எது, எந்த வில்லோ மரத்தின் கிளை தண்ணீரில் தோய்கிறது, கரையை அரித்து நீர் எங்கே ஆழமாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் ஆறு கலங்கிச் சிவந்து ஓடும்போது அடி தெரியாது. அன்று உங்களுக்குக் கைகொடுப்பது மே மாதத்தில் எழுதிய அந்தக் குறிப்புதான். இந்த வேலையைச் செய்தவர் சாதாரணக் கோலோடு பிடிப்பார். செய்யாதவர் விலையுயர்ந்த கோலோடு வெறுங்கையாகத் திரும்புவார்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். நுனியை மாற்றிக்கொள்ளக்கூடிய பதினோரு அடி ஃபீடர் கோல் (இரைக்கூட்டைக் கட்டி வீசும் கோல்) ஒன்று, நடுத்தர ரீல் ஒன்று. சப் மீனுக்கு ஆறு பவுண்டு எடை தாங்கும் தங்கூசி இழை, பார்பலுக்குப் பத்து பவுண்டு தாங்கும் இழை. எதிர்முள் இல்லாத தூண்டில் முட்கள், முடிச்சில்லாத கண்ணிகள் கொண்ட கைவலை, முள்ளைக் கழற்றும் கருவி, மீனைக் கிடத்த ஈரமான மெத்தை விரிப்பு. விரிப்பையும் வலையையும் விட்டுவிட்டுக் கோலுக்குக் காசு கொட்டுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஊரிலிருந்து ஈயக்குண்டு கொண்டுவந்திருந்தால் பெட்டியிலேயே இருக்கட்டும். 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரை எடையுள்ள ஈயக்குண்டுகளை இங்கே பயன்படுத்தக் கூடாது. அன்னங்கள் இரையை அரைக்க மணலும் கல்லும் விழுங்கும்போது ஈயத்தையும் சேர்த்து விழுங்கி, நஞ்சேறி இறந்துகொண்டிருந்தன. தேம்ஸில் இது மிகக் கடுமையாக இருந்தது. 1987-இல் தடை வந்த பிறகு அன்னங்கள் மீண்டன. இப்போது டங்ஸ்டன் போன்ற மாற்று எடைகள் எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன.

ஜூன் 16 விடியலில் கரை நிறைய ஆட்கள் இருப்பார்கள். ஐந்து மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடும். போய் அந்தக் கொண்டாட்டத்தைப் பாருங்கள். ஆனால் சரளைத் திட்டில் மீன்கள் இன்னும் இணைசேர்ந்துகொண்டிருந்தால் தூண்டிலை இறக்காதீர்கள். குளிர்ந்த வசந்தத்துக்குப் பிறகு முட்டையிடுவது தள்ளிப்போகும். சட்டத்தின் தேதி மீனுக்குத் தெரியாது.

ஜூலை, ஆகஸ்ட் பார்பலின் காலம். கென்னட் இதற்குப் பெயர்போன ஆறு. 1956-இல் கென்னட்டிலிருந்து 509 பார்பல்களைக் கொண்டுபோய் செவர்ன் ஆற்றில் விட்டார்கள். இன்று செவர்னில் நிறைந்திருப்பவை அவற்றின் வழிவந்தவை. மீசையுள்ள மீன், தட்டையான வயிறு, அடித்தரையோடு ஒட்டி நிற்கும். காவிரியின் மகசீர் மீனுக்கு உறவு. இரண்டும் கெண்டைக் குடும்பம். வேகவைத்த ஹெம்ப் (hemp) எனப்படும் சணல் விதையைக் கையளவு தூவி, டின் இறைச்சியைச் சதுரமாக வெட்டி முள்ளில் கோத்து, மாலை வெயில் தணிந்ததும் சரளையின் ஓரத்தில் போடுங்கள். கோலைவிட்டு ஓர் அடிகூட நகர வேண்டாம். பார்பல் கொத்தாது, இழுத்துக்கொண்டு ஓடும். கோல் ஆற்றுக்குள் போய்விடும்.

அதைத் திரும்ப விடும் முறையை எழுதாமல் இந்தப் பதில் முழுமையாகாது. பார்பல் கடைசி மூச்சுவரை போராடும் மீன். வலைக்குள் வரும்போது களைத்துத் துவண்டிருக்கும். வலையிலேயே, தண்ணீருக்குள்ளேயே, சிறிது நேரம் இளைப்பாற விடுங்கள். முள்ளை எடுத்தபின் இரு கைகளையும் நனைத்துக்கொண்டு, தலை நீரோட்டத்தை எதிர்நோக்கும்படி தாங்கிப் பிடியுங்கள். செவுள்கள் சீராகத் திறந்து மூடுவதைப் பாருங்கள். மீன் தானாக வாலை உதறிக்கொண்டு போகும்வரை கையை எடுக்கக் கூடாது. அதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். அவசரப்பட்டு விட்டால் வயிறு மேலாகப் புரண்டு செத்துவிடும். வெப்ப அலை அடிக்கும் வாரங்களில் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்திருக்கும். அப்போது பார்பலைத் தேடிப் போகவே வேண்டாம்.

செப்டம்பர், அக்டோபர் ரோச், பெர்ச் என்ற மீன்களுக்கு நல்ல மாதங்கள். ரோச்சுக்குச் சணல் விதை, பெர்ச்சுக்குப் பெரிய மண்புழு. இலை உதிர்ந்து ஆற்றில் மிதக்கும் இரண்டு மூன்று வாரங்கள் தங்கூசியில் இலைதான் சிக்கும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பைக் குளிர்கால மீன். வாய் நிறையப் பற்கள்; தங்கூசியை நறுக்கிவிடும் என்பதால் முள்ளுக்கு மேலே கம்பி இழை கட்ட வேண்டும். முள்ளைக் கழற்ற நீண்ட இடுக்கி வேண்டும். அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தராமல் பைக்கில் கைவைக்காதீர்கள். தெரியாத கையில் அந்த மீன் சாகிறது.

என்னைக் கேட்டால், ஆண்டின் சிறந்த வேட்டை டிசம்பர் முதல் மார்ச் பாதிவரை சப் மீனைத் தேடிப் போவதுதான். மற்ற மீன்கள் குளிரில் விறைத்து நிற்கும்போதும் இது இரை எடுக்கும். வெள்ளம் வடிந்து, தண்ணீர் இறங்கிக்கொண்டே தெளியத் தொடங்கும் நாள்தான் கணக்கு. ஆற்று மட்டத்தை அரசின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். புதிய வெள்ளை ரொட்டியின் நடுப்பகுதியைப் பிய்த்து, முள்ளின் தண்டைச் சுற்றி மட்டும் விரலால் அழுத்துங்கள். ஓரங்களை அழுத்தாமல் விட்டால் தண்ணீரில் பஞ்சாக விரியும். பொடித்த ரொட்டியை ஈரப்படுத்தி ஃபீடர் கூட்டுக்குள் அடைத்து, தண்ணீரில் தோயும் கிளைக்குச் சற்று மேலே போடுங்கள். கோலின் மெல்லிய நுனியில் கண் இருக்கட்டும். ஒரு தட்டு தட்டும், விட்டுவிடுங்கள். பிறகு நுனி நிதானமாக வளையும், அப்போது தூக்குங்கள். அரை மணி நேரம் அசைவில்லையென்றால் அடுத்த கிளைக்கு நகருங்கள். காலடி மெதுவாக இருக்கட்டும். கரை அதிர்ந்தால் சப் இடத்தைக் காலிசெய்துவிடும். பொழுது சாயும் கடைசி ஒரு மணி நேரத்தில் கரையில் இருந்தே ஆக வேண்டும். அதற்கு முன் கிளம்பிப்போனால் பாதி வாய்ப்பு போய்விடும்.

பாதுகாப்பிலும் கவனம் வேண்டும். கார்பன் கோலில் மின்சாரம் பாயும். மேலே மின்கம்பி போனால் 30 மீட்டர் தள்ளியே உட்காருங்கள். தேம்ஸ் மதகுகளில் சிவப்புப் பலகை வைத்திருந்தால் நீரோட்டம் கடுமை என்று பொருள். படகுக்காரர்களுக்கான எச்சரிக்கைதான், ஆனால் குழந்தைகளோடு வரும் நீங்களும் அன்று திரும்பிவிடுங்கள். ஓர் ஆற்றில் பயன்படுத்திய வலையையும் காலணியையும் கழுவி, முழுக்க உலர்த்தாமல் இன்னொரு நீருக்குக் கொண்டுபோகாதீர்கள். கொலைகார இறால் என்று பெயர் வாங்கிய அந்நிய உயிரி ஒன்று 2010-இல் கிராஃபம் நீர்த்தேக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஈர வலைகளிலும் காலணிகளிலும் ஒட்டிக்கொண்டு புது இடங்களுக்குப் பரவக்கூடியது.

குழந்தைகளை ஜூன் வரை காக்கவைக்க வேண்டாம். வசந்தத்திலேயே கால்வாய்க்கோ, நாள் சீட்டு தரும் குளத்துக்கோ அழைத்துப்போகலாம். கென்னட்–ஏவன் கால்வாயில் மட்டும் கவனம். அதன் சில பகுதிகள் கென்னட் ஆற்றோடு கலந்தே ஓடுகின்றன. அங்கெல்லாம் ஆற்றின் தடைதான் பொருந்தும் என்று வைத்துக்கொண்டு, சங்கத்திடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். ரீல் இல்லாத நான்கு மீட்டர்க் கோல், நுனியில் தங்கூசி, சிறு தக்கை, 18-ஆம் எண் சிறு முள், அதில் ஓர் ஈப்புழு. நீங்கள் சிறுவயதில் பிடித்த மூங்கில் தூண்டிலின் வேலையைத்தான் இதுவும் செய்யும். பத்து நிமிடத்தில் சொல்லித்தந்துவிடலாம். கரையோரம் இரண்டு மூன்று ஈப்புழுக்களை அடிக்கடி போட்டுக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். கையளவு ரோச்சும் பெர்ச்சும் வரும். ஒரே பெரிய மீனுக்குக் காத்திருப்பதைவிட இப்படி அடுத்தடுத்துத் தக்கை மூழ்குவதுதான் பத்து வயதுக்கு ஏற்றது. முதல் நாள் இரண்டு மணி நேரம் போதும். சாப்பாட்டுப் பையைத் திறக்கும் முன் இருவரையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். எலிகளின் சிறுநீர் கலந்த நீரால் வைல்ஸ் நோய் (Weil's disease) எனப்படும் எலிக்காய்ச்சல் தொற்றும். கையில் கீறல் இருந்தால் நீர் புகாத பிளாஸ்திரி ஒட்டிய பிறகே தூண்டிலைத் தொடச் சொல்லுங்கள்.