"பாஷி பசூக்"னா என்ன அர்த்தம்? அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சு?

டின்டின் காமிக்ஸ்ல அந்தத் தாடிக்கார கேப்டன் ஹேடாக் திட்டுறதைப் பாத்துட்டுதான் கேக்குறீங்கன்னு நினைக்கிறேன், எனக்கும் அப்படித்தான் தெரியும். தேடினா "உடைஞ்ச மண்டை"ன்னு வரும், நம்பிடாதீங்க, நம்பி நான் அசிங்கப்பட்டது போதும்.

இஸ்தான்புல்ல ப்ராஜெக்டுக்காக எட்டு மாசம் இருந்தேன், வீடு நாலாவது மாடி. போன ரெண்டாவது வாரமே லிஃப்ட் கதவுல "போஸுக்"னு பேப்பர் ஒட்டிட்டாங்க. ரிப்பேராம். காலைல எள்ளு தூவின சிமித் ரொட்டி விக்கிறவர்கிட்ட பெரிய நோட்டை நீட்டினா அவரும் "போஸுக்" இருக்கான்னுதான் கேப்பார், அங்க அது சில்லறை. கெட்டது, குலைஞ்சது, சில்லறை எல்லாம் ஒரே வார்த்தை. "பாஷ்"னா தலை. நம்ம "பாஷி பசூக்"கைத் துருக்கியில "பாஷிபோஸுக்"னுதான் சொல்வாங்க. "பாஷ்", "போஸுக்" ரெண்டையும் கூட்டி, கூட வேலை பாத்த துருக்கிக்காரர்கிட்ட "பாஷிபோஸுக்னா மண்டை கழண்டவன்தானே"ன்னு பெருமையா கேட்டேன். சாப்பாட்டு மேஜையே சிரிச்சுது. தலைநகரை நாங்க "பாஷ்கென்ட்"ங்கிறோம், அது என்ன மண்டை நகரமான்னு கேட்டார். நம்ம "தலை" மாதிரியேதான், தலைமைன்னும் அர்த்தம். ஆக மேல தலைமை சரியில்லாத, கட்டுப்பாடு இல்லாத கூட்டம்.

ஒட்டோமான்ங்கிற பழைய துருக்கிப் பேரரசு காலத்துல ஒழுங்கான படைக்கு "நிஜாமியே"ன்னு பேரு, நம்ம ஹைதராபாத் நிஜாம்ல வர்ற அதே வார்த்தை, ஒழுங்குன்னு அர்த்தம். அதுல சேராதவன் பாஷிபோஸுக், சாதா சிவிலியனையும் அப்படிச் சொல்லியிருக்காங்க. இந்தக் கூட்டத்துக்கு யூனிஃபார்ம் கிடையாது, சம்பளம் கிடையாது, கொள்ளையடிச்சதுதான் வரும்படி. 1853-56 கிரிமியன் போர்ல வங்காளப் படை அதிகாரி பீட்சன் இவங்களை வச்சு பிரிட்டிஷுக்கு ஒரு குதிரைப்படையே கட்டப் பாத்தார். பேர் நாறுனது 1876ல, பல்கேரியக் கலகத்தை அடக்கப் போய் பாதாக்ங்கிற ஊர்ல ஆயிரக்கணக்குல கொன்னாங்க, சர்ச்சுக்குள்ள ஒளிஞ்சவங்களைக்கூட விடல. மெகஹன்ங்கிற அமெரிக்க நிருபர் அப்புறம் அங்க போய் நேர்ல பாத்து லண்டன் பேப்பருக்கு எழுதினார், பிரிட்டன் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டன் கண்டிச்சு சின்னப் புத்தகமே போட்டார், அதோட இது இங்கிலீஷ்ல வசவாயிடுச்சு. துருக்கிக்காரங்களைத் திட்டுறேன்னு கமென்ட்ல வந்துடாதீங்க, துப்பாக்கியைக் குடுத்து சம்பளம் குடுக்கலன்னா எந்த ஊர்க்காரன் ஒழுங்கா இருப்பான்? மொழியியல் படிச்சவங்களும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க, நான் சாதா சிவில் இன்ஜினியர்.

அந்த லிஃப்ட் மட்டும் கடைசி வரைக்கும் ஓடல. மெயின்டனன்ஸ் காசை மாசாமாசம் கரெக்டா வாங்கிட்டாங்க, காலி பண்ற அன்னிக்கு ரெண்டு பெட்டியையும் நானே தூக்கிட்டு இறங்கினேன், அட்வான்ஸ்ல வேற பெயின்ட் அடிக்கணும்னு பிடிச்சுக்கிட்டாங்க.