பிரேக் பேடும் டிஸ்கும் மாற்றியும் வீல் சுடுகிறதே?

கேள்வி: 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். வேலைக்காகத் தினமும் நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் போய் வருகிறேன். வண்டியை நிறுத்தியதும் முன்பக்க இடது வீலில் கருகிய வாடை வருகிறது, பக்கத்தில் கை கொண்டுபோக முடியவில்லை. மைலேஜும் குறைந்துவிட்டது. பட்டறையில் பேட், டிஸ்க் இரண்டையும் மாற்றினார்கள். இரண்டே வாரத்தில் மறுபடியும் அதே சூடு. கழற்றிய பழைய பேடில் உள்பக்கத்தது இரும்பு தெரியுமளவு தேய்ந்திருந்தது, வெளிப்பக்கத்தது பாதிகூடத் தேயவில்லை. இப்போது பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா ஐயா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: காலிப்பருக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். பேட் தேய்ந்ததும் டிஸ்க் சூடேறியதும் விளைவுதான். பிரேக்கை விடாமல் பிடித்து வைத்திருப்பது எது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை.

ஒரு வீல் மட்டும் சுடுவதால், பெடலை மிதித்ததும் வீல்களுக்கு ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மேல் எனக்குச் சந்தேகம் குறைவு. உங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக் பின் வீலுக்குத்தான், அதையும் விடுங்கள். மீதி இருப்பவை காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ், பேடைத் தள்ளும் பிஸ்டன், காலிப்பர் வழுக்கி நகர உதவும் கம்பியான காலிப்பர் பின் என்ற மூன்றும்தான்.

சோதனையை வண்டி சூடாக, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். ராத்திரி முழுக்க நின்று ஆறிய வண்டியில் வீல் சும்மா சுற்றும், மெக்கானிக் ‘ஒன்றுமில்லை சார்’ என்று அனுப்பிவிடுவார். ஓட்டிவந்த கையோடு சமதளத்தில் நிறுத்தி, பின் வீலுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்ட் வையுங்கள். நியூட்ரலில் வீலைக் கையால் சுற்றினால் இறுக்கம் தெரியும். லேசாக உரசும் சத்தம் எல்லா டிஸ்க் பிரேக்கிலும் உண்டு, அதைக் கண்டு பயப்படாதீர்கள். சூட்டைத் தணிக்க டிஸ்கில் தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது.

இப்போது காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகான ப்ளீடர் நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, பாட்டிலுக்குள் விட்டு, அரைச் சுற்று திறக்கச் சொல்லுங்கள். ஆயில் பீய்ச்சி வந்து வீல் உடனே இளகினால், உள்ளே அழுத்தம் திரும்ப வழியில்லாமல் நின்றிருக்கிறது. அப்படியானால் ஹோஸ்தான். வெளியே புதிது போலிருக்கும் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கும். நாம் மிதிக்கும் வேகத்துக்கு ஆயில் போய்விடும், திரும்பி வராது. பல வருடங்களுக்கு முன் ஒரு டாக்சிக்கு இதைப் பார்க்காமல் காலிப்பரை மாற்றினேன். அதே இறுக்கத்தோடு அந்த டிரைவர் திரும்பி வந்தார். அவர் ஒரு நாள் ஓட்டத்தை இழந்தது இன்றும் எனக்கு வருத்தம். அன்றிலிருந்து நிப்பிளைத் திறக்காமல் எதையும் கழற்றுவதில்லை.

நிப்பிள் திறந்தும் வீல் இளகவில்லையென்றால் கோளாறு காலிப்பர் பின்னில் அல்லது பிஸ்டனில். நீங்கள் எழுதிய பழைய பேடின் தேய்மானத்தைப் பார்த்தால் எனக்குக் காலிப்பர் பின் மேல்தான் சந்தேகம். பின் வழுக்காவிட்டால் காலிப்பர் நகராது, உள் பேடே எல்லா வேலையும் செய்யும். கடற்கரை ஊரில், பின்னை மூடியிருக்கும் உறையான ரப்பர் பூட் சின்னதாகக் கிழிந்தாலும் போதும், உப்பு ஈரம் உள்ளே போய்த் துரு ஏறிவிடும். நல்ல பின் விரலால் தள்ளினாலே போய் வரும். பேட் உட்காரும் பிராக்கெட்டிலும் துரு இருக்கும், கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். புது பூட் போட்டு, பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸ் தடவ வேண்டும். சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். மேல் பின்னையும் கீழ்ப் பின்னையும் மாற்றிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின் நன்றாக வழுக்கியும் பிஸ்டன் உள்ளே போக மறுத்தால், அப்போது காலிப்பர் செலவைப் பற்றிப் பேசலாம்.

பிரேக் ஆயில் இரண்டு வருடம் தாண்டியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்கும், ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். இப்படிச் சுடுகிற வீலில் ஆயில் கொதித்தால் பெடல் அடிவரை போய்விடும். அதனால் சரிசெய்யும் வரை திருவாரூருக்குப் பஸ்ஸில் போய் வாருங்கள்.