டெட்டோல் எத்தினை போத்தல் வேணும்? வாங்கிற ஆக்களின்ர கேள்வி-பதில்

இந்தமுறை வந்த கேள்வியள் முக்காவாசி ஒரே விசயம்தான். காய்ச்சல், இருமல், வயித்தோட்டம் எண்டு நாலு பக்கமும் கதை வரத் தொடங்கினதும் சூப்பர் மார்க்கெட்டில சவர்க்காரம், டெட்டோல் வைக்கிற தட்டுத்தான் முதல்ல காலியாகுது. நாலு கேள்விய எடுத்திருக்கிறன்.

கேள்வி (வெள்ளவத்தை): அக்கா, நாங்கள் காலி வீதிப் பக்கம் ஒரு ஃபிளாட்டில மூண்டாம் மாடி. வீட்டில மாமியும் ரெண்டு சின்னப் பிள்ளையளும். காய்ச்சல் பரவுது எண்டு கேட்ட நாளில இருந்து இவர் கடையால வாற சாமான் எல்லாத்துக்கும் வாசலில வைச்சே ஸ்ப்ரே அடிக்கிறார், பால்மா பக்கட் தொடக்கம் பாண் பேக் வரைக்கும், பிறகு ரெண்டு நாள் பல்கனில வைச்சிட்டுத்தான் உள்ள எடுக்கவே விடுறார். போன மாசம் இதுக்கு மட்டும் எட்டாயிரம் ரூவா போச்சு. உண்மையில இவ்வளவும் தேவையோ?

பதில்: தேவையில்ல தங்கச்சி. ரெண்டு நாள் பல்கனில கிடந்தா கிருமி சாகுதோ இல்லையோ பாண் பூஞ்சணம் பிடிச்சிடும்.

ஆனா அவரைப் பேசவும் எனக்கு வாய் வரேல்ல, ஏனெண்டா 2020 மார்ச்சில ஊரடங்கு போட்ட நேரம் நானும் இதே விசர் வேலை பார்த்தனான். ஒழுங்கைக்குள்ள மரக்கறி லொறி வந்தா வாங்கிக்கொண்டு வந்து, வாளித் தண்ணிக்குள்ள டெட்டோல் மூண்டு மூடி விட்டு வெண்டிக்காய் கத்தரிக்காய் எல்லாத்தையும் ஊறப் போட்டன். அண்டைக்கு வைச்ச வெண்டிக்காய்க் கறி ஆஸ்பத்திரி வார்ட் மாதிரி மணத்துது, அம்மா ஒரு வாய் வைச்சிட்டு ஒண்டும் சொல்லாம கோப்பையத் தள்ளி வைச்சா. மரக்கறிக்கு பைப் தண்ணில கையால தேய்ச்சுக் கழுவினாக் காணும். சவர்க்காரமும் வேண்டாம், தோலில அது கொஞ்சம் மிஞ்சினாலே சத்தி, வயித்தோட்டம் எண்டு வரலாம், அதுக்குப் பிறகு இது வைரஸோ சவர்க்காரமோ எண்டு மண்டையப் போட்டு உடைக்க வேண்டி வரும்.

அந்தப் பயம் எங்க இருந்து வந்தது எண்டா, அதே 2020 மார்ச்சில ஒரு ஆய்வு வந்தது, கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கிலயும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலயும் 72 மணித்தியாலம் வரைக்கும், கார்ட்போர்டில 24 மணித்தியாலம் வரைக்கும் இருக்குமெண்டு. எல்லாரும் அந்த 72ஐ மட்டும் பிடிச்சுக்கொண்டம். அது லாப்புக்குள்ள கனக்க வைரஸைக் கொண்டுவந்து வைச்சுப் பார்த்த கணக்கு, அதிலயும் பிளாஸ்டிக்கில கிட்டத்தட்ட ஏழு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பாதி பாதியாக் குறைஞ்சுகொண்டுதான் போகுது, கடைசியா மிஞ்சினது சொட்டுத்தான். பிறகு 2021 ஏப்ரல்ல அமெரிக்காவின்ர நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் சிடிசி கணக்குப் பார்த்துச் சொன்னது, கிருமி பட்ட ஒரு இடத்தை ஒருக்காத் தொட்டு கொரோனா வாற வாய்ப்பு 10,000த்தில ஒண்டை விடக் குறைவு எண்டு. அப்ப பால்மா பக்கட்டால வாற ஆபத்து எவ்வளவெண்டு நீங்களே பாருங்கோ. 2020 கடைசியில பேலியகொட மீன் சந்தையில தொற்று வந்து ஒருத்தரும் மீன் வாங்காம விட்ட நேரம், முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருத்தர் செய்தியாளர் மாநாட்டில பச்சை மீனைக் கடிச்சுக் காட்டினது ஞாபகம் இருக்கும். எங்களுக்கு அப்ப சிரிப்பு, ஆனா ஆக்களுக்குத்தான் ஆக்களால பரவினது, மீனால இல்ல எண்டதில மனுசன் பிழை சொல்லேல்ல.

கொரோனாவோ ஃப்ளூவோ, முக்கியமாப் பரவிறது மூச்சு, இருமல், தும்மலால. அதுக்கு ஸ்ப்ரே போத்தலை விட ஜன்னல் பெரிய மருந்து. நீங்கள் கடற்கரைப் பக்கம், மூண்டாம் மாடி, காத்து சும்மா கிடைக்குது. ஏசியப் போட்டு எல்லாத்தையும் பூட்டி வைச்சுக்கொண்டு கதவுப்பிடியத் தேய்க்கிறதில பிரியோசனம் இல்ல. மாமிக்குக் கிட்டப் போற ஆக்களுக்கு இருமல் எண்டா மாஸ்க் போடச் சொல்லுங்கோ.

துடைக்கவே தேவையில்ல எண்டு சொல்ல வரேல்ல. ஃப்ளூ வைரஸ் வழுவழுப்பான இடங்களில 24 தொடக்கம் 48 மணித்தியாலம் இருக்கக்கூடியது, அதால எல்லாற்ற கையும் படுற இடம், கதவுப்பிடி, சுவிட்ச், ரிமோட், பைப், ரொய்லட் ஃப்ளஷ், ஒரு நாளைக்கு ஒருக்கா சவர்க்காரத் தண்ணியில பிழிஞ்ச துணியால துடைச்சாக் காணும். ரிமோட்டுக்கும் சுவிட்சுக்கும் துணிய நல்லா முறுக்கிப் பிழியுங்கோ. வீட்டில ஒருத்தருக்குக் காய்ச்சல் எண்டா ரெண்டு தரம். சுவர், நிலம், கதிரைக்கால் ஒண்டும் தேவையில்ல, சுவரை ஆர் நக்கப் போகினம்.

ஏன் சவர்க்காரம் எண்டா, கொரோனாவுக்கும் ஃப்ளூவுக்கும் வெளியால ஒரு கொழுப்பு உறை இருக்கு, எண்ணெய்ச் சட்டி சன்லைட் சவர்க்காரத்துக்கு விடுற மாதிரி அதுவும் கரைஞ்சிடும். கைக்கும் அதேதான், 20 செக்கன் நுரைக்கப் போட்டுக் கழுவினாச் சரி. "ஆன்டிபக்டீரியல்" எண்டு போட்டுக் கூட விலைக்கு விக்கிற சவர்க்காரம் சும்மா சவர்க்காரத்தை விட நல்லது எண்டதுக்கு கம்பனியள் ஆதாரம் காட்டேல்ல எண்டு சொல்லித்தான் 2016ல அமெரிக்காவில ட்ரைக்ளோசன் உட்பட 19 மருந்துகளை அந்தச் சாமான்களில போட ஏலாது எண்டு தடுத்தவை.

இன்னொண்டு, அந்த ஸ்ப்ரே போத்தலைத் திருப்பிப் பாருங்கோ. முன்னால 99.9% எண்டு பெரிசாப் போட்டிருக்கும், பின்னால சின்ன எழுத்தில இத்தினை நிமிசம் ஈரமா விடோணும் எண்டிருக்கும், சிலதுக்கு 10 நிமிசம் கூட. இவர் அடிச்ச கையோட துடைக்கிறார் எண்டா அந்த எட்டாயிரத்தில அரைவாசி துணியிலதான் போயிருக்கு.

கேள்வி (கொட்டாஞ்சேனை): அக்கா, மகனுக்கு வாந்தியும் வயித்தால போறதும். வாந்தி எடுத்த இடத்த டெட்டோல் போட்டு நல்லா தொடச்சேன், கைக்கு சானிட்டைசர் போட்டேன், ஆனாலும் ரெண்டு நாள்ல மகளுக்கும் வந்துருச்சு. சாமான் டூப்ளிகேட்டா இருக்குமோ? அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா ஸ்ட்ராங்கா இருக்கணும்னு சொன்னாங்கன்னு ரொய்லட்டுக்கு ப்ளீச்சையும் ஹார்பிக்கையும் ஒண்ணா ஊத்தினேன், மூச்சு முட்டி கண்ணெல்லாம் எரிஞ்சு வெளிய ஓடி வந்துட்டேன்.

பதில்: கடைசியில சொன்னதுதான் முதல்ல. ப்ளீச்சோட ஹார்பிக் மாதிரி அசிட் சாமான், வினாகிரி, அமோனியா போட்ட க்ளீனர், ஒண்டையும் சேர்க்கக்கூடாது, எப்பவும். அசிட்டோட சேர்ந்தா வாறது குளோரின் வாயு, கொட்டாஞ்சேனை வீடுகளில இருக்கிற ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூமுக்குள்ள அது ஆளையே கொண்டுபோயிடும். ஓடி வந்தது நல்ல காரியம். இன்னும் நெஞ்சு இறுக்கம் இருமல் இருந்தா இதை வாசிச்சுக்கொண்டு நிக்காம டொக்டரிட்டப் போங்கோ.

இனி மற்றது. உங்கட டெட்டோல் அசலாத்தான் இருக்கும், ஆனா இதுக்கு அது ஆள் இல்ல. வாந்தி-வயித்தோட்டம் எண்டு வீட்டில ஒவ்வொருத்தராப் பிடிக்கிறது கனக்க நேரம் நோரோவைரஸ் இல்லாட்டி ரோட்டாவைரஸ், இதுகளுக்கு நான் மேல சொன்ன கொழுப்பு உறை கிடையாது, அதால சானிட்டைசரையும் டெட்டோலையும் நம்பி இருக்க ஏலாது, முக்கியமா நோரோவுக்கு. கைக்கு சவர்க்காரமும் ஓடுற தண்ணியும், நிலத்துக்கு ப்ளீச். இந்த ஒரு நோய்க்கு மட்டும் நான் துடை துடை எண்டு சொல்லுவன், ஏனெண்டா ஒரு துளி வாந்தியே காணும் அடுத்த ஆளுக்கு.

ப்ளீச் வாங்கேக்க லேபலில சோடியம் ஹைப்போகுளோரைட் எத்தினை % எண்டு போட்டிருக்கோ பாருங்கோ, சதவீதம் போடாத மலிவு போத்தல் என்ன விலைக்குக் கிடைச்சாலும் வேண்டாம், கணக்குப் போட ஏலாது. 5% எண்டு வைச்சுக்கொண்டால்: கதவுப்பிடி, பைப் எல்லாத்துக்கும் ஒரு லீட்டர் தண்ணிக்கு 20 மில்லி, அதாவது நாலு தேக்கரண்டி. வாந்தி பட்ட இடத்துக்கு ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி. சுடுதண்ணி வேண்டாம், கலந்ததை அண்டைக்கே முடியுங்கோ, அடுத்த நாளைக்கு அதின்ர சக்தி குறைஞ்சிடும். போத்தலையும் வெயில் படுற ஜன்னலில வைக்காதேங்கோ.

செய்யிற விதம்: கையுறை போட்டு, பழைய பேப்பரை வாந்திக்கு மேல போட்டு மூடி, ஓரத்தில இருந்து நடுவுக்கு மெல்லமா அள்ளி பேக்கில கட்டுங்கோ. தும்புத்தடியால கூட்டினா தெறிக்கும். பிறகு சவர்க்காரத் தண்ணியால துடைச்சு ஊத்தையப் போக்கி, அதுக்குப் பிறகுதான் ப்ளீச் தண்ணி, பத்து நிமிசம் ஈரமா விட்டு நல்ல தண்ணியால துடைக்கிறது. ஊத்தைக்கு மேல நேரா ஊத்தினா ப்ளீச்சின்ர சக்தி ஊத்தையோட போயிடும். நிலத்தையும் பாருங்கோ. எங்கட அம்மம்மா வீட்டில சிவப்பு பொலிஷ் போட்ட சீமெந்து நிலம், நான் ஒரு அவசரத்தில கலக்காம ஊத்தினதில ஒரு தோசை அளவுக்கு வெளிறிப்போய் இண்டைக்கும் அதுக்கு மேல பாய் போட்டு மறைச்சிருக்கு.

பிள்ளை சுகமாகி ரெண்டு கிழமை வரைக்கும், சிலநேரம் அதுக்கு மேலயும் மலத்தில வைரஸ் போகலாம், அதுமட்டும் ரொய்லட்டால வந்து கை கழுவுறதை விடாதேங்கோ, மகன் நல்லாயிட்டான் எண்டு நினைக்கேக்கதான் மற்ற ஆளுக்குப் பிடிக்கும். காசு மிச்சம் இருந்தா வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற உப்பு-சீனிப் பவுடர் ஜீவனி நாலு பக்கட் வாங்கி வையுங்கோ, பக்கட்டில போட்டிருக்கிற அளவு தண்ணியில கரைச்சு ஒவ்வொரு மிடறாக் குடுக்கோணும். சுருண்டு படுத்தால், மூத்திரம் குறைஞ்சால் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்கோ.

கேள்வி (தெஹிவளை): சின்ன சானிட்டைசர் போத்தல் ஒண்டு, அச்சடிச்ச விலைக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டி விக்கினம். கேட்டா "புது ஸ்டொக்" எண்டு சொல்லினம். என்ன செய்யலாம்?

பதில்: அச்சடிச்ச அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல விக்க ஏலாது. பில்லை எடுங்கோ, ஸ்டிக்கரை உரிச்சு ரெண்டு விலையும் தெரியிற மாதிரி ஃபோனில படம் எடுங்கோ, நுகர்வோர் அதிகார சபைக்கு 1977க்கு அடிச்சுச் சொல்லுங்கோ. பில் தரமாட்டம் எண்டால் வாங்காம வாங்கோ. வாங்கத்தான் வேணுமெண்டா அல்ககோல் 60%க்கு மேல இருக்கோ எண்டு பாருங்கோ, வெறுமனே "கற்றாழை, வேப்பிலை" எண்டு மட்டும் எழுதினது வாசத்துக்குத்தான். வீட்டுக்குள்ள சானிட்டைசரே தேவையில்ல, பைப் இருக்கு. பஸ்ஸில போற ஆளின்ர பேக்குக்குள்ள ஒண்டு காணும்.

கேள்வி (பம்பலப்பிட்டி): எங்கட அப்பார்ட்மென்ட் கமிட்டி ஒரு கம்பனியப் பிடிச்சு மாசத்துக்கு ஒருக்கா எல்லா வீட்டுக்குள்ளயும் புகை மாதிரி கிருமிநாசினி அடிக்கப் போகுது, ஒவ்வொரு வீடும் காசு குடுக்கோணுமாம். "எல்லா வைரஸும் போகும், டெங்கும் போகும்" எண்டு நோட்டீஸ் போட்டிருக்கினம். குடுக்கிறதோ?

பதில்: நான் எண்டா குடுக்கமாட்டன், கூட்டத்தில எழும்பிக் கேப்பன்: என்ன மருந்து, எத்தினை சதவீதம், மூச்சுக்குள்ள போனா என்ன செய்யும்? 2020 மே மாசமே உலக சுகாதார நிறுவனம் சொல்லிட்டுது, வீடு, கட்டிடங்களுக்குள்ள இப்பிடி வழமையா விசிறி அடிக்கிறது கொரோனாவுக்கு வேண்டாம், ஆக்களுக்கு மேல அடிக்கவே கூடாது, கண்ணுக்கும் தோலுக்கும் மூச்சுக்கும் கெடுதி எண்டு. அடிச்சு அரை மணித்தியாலத்தில ஒருத்தர் லிஃப்டுக்குள்ள இருமினா கதை முடிஞ்சுது. அந்தக் காசில வாசலில ஒரு கை கழுவுற பேசினும் சவர்க்காரமும் வையுங்கோ, லிஃப்ட் பட்டனையும் படிக்கட்டுக் கைபிடியையும் துடைக்கிற ஆளுக்கு கையுறையும் கொஞ்சம் கூடச் சம்பளமும் குடுங்கோ.

டெங்குக்கும் அந்த மருந்துக்கும் சம்பந்தமே இல்ல. டெங்கும் வைரஸ்தான், ஆனா அது கதவுப்பிடியில வாறேல்ல, நுளம்பில வருது. நுளம்புக்கு அடிக்கிற புகை வேற, அதுவும் பறக்கிற நுளம்பை மட்டும்தான் கொல்லும், முட்டைய ஒண்டும் செய்யாது. 2017ல நாட்டில 1,86,000 பேருக்கு மேல டெங்கு வந்தது, கொழும்பு மாவட்டம்தான் முன்னுக்கு. கொழும்பில இருக்கிற எங்களுக்கு வைரஸுக்காக வீடு துப்புரவாக்கிறது எண்டா முதல் வேலை தண்ணி தேங்கிற இடம்தான், இதுக்கு ஒரு சதமும் செலவில்ல, 2007ம் ஆண்டுச் சட்டப்படி வளவில நுளம்பு பெருகினா பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வழக்கும் போடலாம்.

முட்டை ஒட்டியிருக்கிறது தண்ணிக்குச் சற்று மேல, பாத்திரத்தின்ர உள்பக்கச் சுவரில. தண்ணிய ஊத்திவிட்டாப் போகாது, காய்ஞ்சாலும் மாசக்கணக்கா உயிரோட இருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதால கிழமைக்கு ஒருக்கா தும்பு பிரஷால உரஞ்சோணும். பூச்சாடித் தட்டு, மணிபிளான்ட் வைச்ச போத்தல், ஏசித் தண்ணி விழுற வாளி, மொட்டை மாடி டாங்கின்ர மூடி. அதோட ஃபிரிட்ஜுக்குப் பின்னால கீழ இருக்கிற தட்டு. ஃபிரிட்ஜ் வாங்கி ஆறு வருசமா அப்பிடி ஒரு தட்டு இருக்கெண்டே எனக்குத் தெரியாது. பி.எச்.ஐ. வந்து டோர்ச் அடிச்சு இழுத்துக் காட்டின அண்டைக்கு, குசினிக்குள்ள, நான் மூண்டு மூடி டெட்டோல் விட்டுத் துடைச்ச அதே நிலத்துக்கு அரை அடி மேல, நுளம்பின்ர கூத்தன் புழு நெளிஞ்சுகொண்டிருந்தது.