பக்கத்து வீட்டுல அடி விழுது, நான் சொல்லலாமா?

கேள்வி: அக்கா, நாங்க அம்மாபேட்டை பக்கம் லைன் வீட்டுல குடியிருக்கோம். பக்கத்து வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்து அந்தப் பொண்ணப் போட்டு அடிக்கிறாரு. தறி ஓடுறப்ப ஒண்ணும் கேக்காது, கரண்ட் போச்சுன்னா மொத்த லைனுக்கும் கேக்கும், ஆனா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. எங்க வீட்டுக்காரர் "புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம், நமக்கெதுக்கு வம்பு"ங்கறாரு. நான் சொன்னா என் மேலயே கேஸ் திரும்பிடுமா?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: திரும்பாதும்மா. 2005ல வந்த குடும்ப வன்முறைச் சட்டத்துல 4வது பிரிவே இதுக்குத்தான். அடிபடுறவங்க தான் வந்து சொல்லணும்னு இல்ல, பக்கத்து வீட்டுக்காரங்க, வீட்டு ஓனர், தறி ஓனர்னு யார் வேணாலும் பாதுகாப்பு அலுவலர்கிட்ட சொல்லலாம், நல்ல எண்ணத்துல சொன்னதுக்காக உங்க மேல சிவிலோ கிரிமினலோ எதுவும் வராதுன்னு சட்டத்துலயே இருக்கு. கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட சமூக நல அலுவலகத்துல கேட்டா போதும். பெண்கள் உதவி எண் 181க்கு எந்நேரமும் போன் பண்ணலாம், உங்க பேரு அந்த வீட்டுக்குத் தெரிய வேண்டாம்னு முதல்லயே சொல்லிடுங்க.

ஆனா அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம மனு கொடுத்துடாதீங்க, ஏன்னா மனு போன அன்னிக்கு ராத்திரி அதே வீட்டுக்குள்ள அவர்கூட இருக்கப் போறது அவதான். தண்ணி புடிக்கிற நேரத்துல தனியாப் பாத்துப் பேசுங்க. "ஏன் பொறுத்துக்கிட்டு இருக்க"ன்னு மட்டும் கேக்காதீங்க, அத ஊரே கேட்டு முடிச்சிருக்கும், அவளுக்கு அது தப்பு தன் மேலங்கற மாதிரி தான் கேக்கும். "பயமா இருந்தா எந்நேரம்னாலும் எங்க வீட்டுக் கதவத் தட்டு"ன்னு சொல்லுங்க, ஆதார், ரேஷன் கார்டு, புள்ளைங்க சர்டிபிகேட் ஜெராக்ஸ் ஒரு செட் உங்க வீட்டுல வெச்சுக்கறேன்னு சொல்லுங்க, நிறைய பொண்ணுங்க கிளம்ப முடியாம நிக்கிறது இந்தப் பேப்பருக்காகவும் தான்.

அடி விழுந்துக்கிட்டே இருக்குன்னா மட்டும் யாரையும் கேக்க வேண்டாம், உடனே அவசர போலீஸ் நம்பர் 112க்கு போன் போடுங்க. உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லுங்க, லைன்ல நாலு பேரு கேட்டும் கேக்காத மாதிரி இருக்கறது தான் அந்த ஆளுக்குத் தைரியம்.

கேள்வி: ஏற்காடு மலையில எங்க அக்காவ மாமா அடிச்சு கை ஒடிஞ்சு போச்சு. ஊர்ல கூட்டம் போட்டுப் பேசி முடிச்சிட்டாங்க, ஸ்டேஷனுக்குப் போகக் கூடாதாம். அக்கா இப்ப எங்ககூட சேலம் டவுன்ல இருக்கு. மலைக்குப் போய்த்தான் கம்ப்ளைன்ட் கொடுக்கணுமா?
- தம்பி, சேலம்

பதில்: வேண்டாம் தம்பி. 2024 ஜூலை 1லேர்ந்து அமல்ல இருக்குற புதுக் குற்றவியல் சட்டப்படி எந்த ஸ்டேஷன்லயும் கொடுக்கலாம், எங்க நடந்ததுன்னு பாத்துத் திருப்பி அனுப்பக் கூடாது, எஃப்.ஐ.ஆர் காப்பியும் இலவசமா தரணும். குடும்ப வன்முறை மனுவும் அக்கா இப்ப தங்கியிருக்குற சேலம் கோர்ட்லயே போடலாம், வக்கீலுக்குக் காசு இல்லன்னா சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல இலவசமா வெச்சுத் தருவாங்க, பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்கறதில்ல, அவங்க நம்பர் 15100ல கேளுங்க. ஊர்ல பேசி முடிச்சது போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் தடையே இல்ல.

ஜி.ஹெச்ல காமிக்கிறப்ப காப்பித் தோட்டத்துல வழுக்கி விழுந்தேன்னு சொல்ல விடாதீங்க. புருஷன் அடிச்சதுன்னே டாக்டர்கிட்ட சொல்லி எழுத வைங்க, காயம் எப்படி ஆச்சுன்னு ஆஸ்பத்திரில பதியிற ஏ.ஆர் (விபத்துப் பதிவேடு) காப்பிய பத்திரமா வாங்கி வைங்க. முன்னாடியே வேற மாதிரி எழுதியிருந்தா, கம்ப்ளைன்ட்ல அப்ப யாரு பக்கத்துல நின்னாங்க, ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு சேத்து எழுதிக் கொடுங்க.