லேபிளின் பின்பக்கம்

கேள்வி: தக்காளியில் பாதி இலை கருகல் நோயில் போய்விட்டது. உடனே குணமாக்கும் மூலிகை மருந்து எது?

பதில்: எதுவும் இல்லை. கருகிய இலை மறுபடி பச்சையாகாது.

கேள்வி: வேப்பெண்ணெயைத் தண்ணீரில் ஊற்றித் தெளித்தேன். சில செடிகள் வெந்துபோயின. மற்றவற்றில் இலைமேல் வெள்ளைப் பொடியாகப் படரும் சாம்பல் நோய் அப்படியே இருக்கிறது. போலி எண்ணெயா?

பதில்: எண்ணெய் மேல் பழி போடாதீர்கள். சோப்புக் கரைசல் சேர்க்காவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். தெளிப்பான் அடியிலிருந்து உறிஞ்சும். முதல் செடிகளுக்கு வெறும் தண்ணீர், கடைசிச் செடிகளுக்கு வெறும் எண்ணெய். கந்தகம் தெளித்து இரண்டு வாரம் ஆகாத செடியிலும், கொளுத்தும் வெயிலிலும் எண்ணெய் அடிக்கவே கூடாது. இதெல்லாம் புட்டியிலேயே எழுதியிருக்கும். படிக்க மாட்டீர்களா?

கேள்வி: கிராம்பு எண்ணெய் மருந்தை லேபிளில் சொன்னதைவிட இரு மடங்கு கலந்தால் நன்றாகக் கேட்குமா?

பதில்: நான் கலந்தேன். வெள்ளரிக் கொடி முழுவதும் மறுநாளே சுருண்டது. அதே எண்ணெய் களைக்கொல்லியாகவும் விற்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. மேலே ஒருவரைத் திட்டினேனே, அந்தத் திட்டில் எனக்கும் பங்குண்டு.

கேள்வி: லேபிள் இல்லாத ‘மூலிகைச் சாறு’ ஒன்றை நம்பி வாங்கினேன். நோய் மூன்றே நாளில் நின்றது. ஆனால் விளைச்சலில் ரசாயன எச்சம் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: உங்களை நினைத்தால் வயிறு எரிகிறது. சாற்றில் ரசாயனப் பூஞ்சைக்கொல்லியைக் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். மீதியைக் கொட்டிவிடாதீர்கள், புட்டியோடு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஆய்வு முடிவு, எச்ச அறிக்கை, பணம் கொடுத்த ஆதாரம் மூன்றையும் வைத்து வேளாண் அதிகாரியிடமும் நுகர்வோர் மன்றத்திலும் புகார் கொடுங்கள்.

எனக்கு நெடுநாள் எரிச்சல் ஒன்று இருக்கிறது. ‘இயற்கை’ என்ற சொல்லைக் கொட்டை எழுத்தில் அச்சிடுகிறவர்கள் உள்ளே இருப்பதைச் சொல்ல மட்டும் கூச்சப்படுகிறார்கள். போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி, மயில் துத்தம் என்ற தாமிர உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தது. அதில் ஒரு இலைகூடக் கிடையாது, தாமிரம் மண்ணிலேயே தங்கும். டிரைக்கோடெர்மா, நோய்ப் பூஞ்சையை அடக்கும் உயிருள்ள பூஞ்சை. நல்ல சரக்குதான், ஆனால் தாவரச் சாறு அல்ல. வேப்பெண்ணெய்ப் புட்டியில் வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருளின் அளவைக் காட்டி விலை ஏற்றுகிறார்கள். அது பூச்சிக்கான சரக்கு. சாம்பல் நோயில் பெரும்பாலும் வேலை செய்வது எண்ணெய்தான். செயல்படும் பொருள், அதன் சதவீதம், எந்தப் பயிரின் எந்த நோய்க்கு, காலாவதித் தேதி, பதிவு எண்: இவற்றில் ஒன்று குறைந்தாலும் புட்டியைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஓராண்டு கெடாத பூண்டுச் சாறு வாங்கலாமா?

பதில்: பூண்டை நசுக்கும்போது உருவாகும் அல்லிசின் சீக்கிரம் சிதைந்துவிடும். எதைச் சேர்த்து நிறுத்தி வைத்தார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேண்டாம்.

கேள்வி: ரெய்னூட்ரியா என்ற செடியின் சாறு வாங்கினேன். நோய் வருவதற்கு முன்பே அடிக்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். வராத நோய்க்கு மருந்தா? ஏமாற்றுகிறாரா?

பதில்: இல்லை. அந்தச் சாறு முக்கியமாகச் செடியின் சொந்த எதிர்ப்பைத்தான் தூண்டிவிடுகிறது. அதனால் நோய்க்கு முன்னே அடிக்க வேண்டும். புது இலை விட விட மறுபடியும் அடிக்க வேண்டும். அந்தக் கடைக்காரரிடமே தொடர்ந்து வாங்குங்கள்.