வெளிநாட்டுத் தொலைபேசிக்கு சிக்னல் வரவில்லை: கடைக்காரர் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி:

நான் கொக்குவிலில் வசிக்கும் ஆசிரியை. உயர்தரம் படிக்கும் மகனுக்காக, சுவிஸில் இருக்கும் தம்பி அனுப்பிய காசில், மார்ச் 22 ஆம் திகதி யாழ்ப்பாண நகரிலுள்ள கடையொன்றில், துபாயிலிருந்து வந்த கைத்தொலைபேசி ஒன்றை 165,000 ரூபாவுக்கு வாங்கினேன். கடைக்காரர் காலஞ்சென்ற என் கணவருடன் ஒரே வகுப்பில் படித்தவர். அந்த நம்பிக்கையில்தான் அங்கு போனேன். சிம்மைப் போட்டபோது சிக்னல் வரவில்லை. “பதிவுக்குக் குடுத்திருக்கிறம், ரெண்டு நாளில வந்திடும் ரீச்சர்” என்றார். இன்றைக்குப் பத்து வாரம் கடந்துவிட்டது. ஆறு தடவை நேரில் போனேன். கடைசித் தடவை, கடையில் நின்றவர்கள் பார்த்திருக்க என்மேல் சத்தம் போட்டார். மகன் அதை வீட்டு வைஃபையில் மட்டும் பாவிக்கிறான். ஆத்திரத்தில் கடையின் படத்தையும் போட்டு “கள்ளர்” என்று முகநூலில் எழுதிவிட்டான். தம்பியின் கடவுச்சீட்டுப் பிரதியைத் தந்தால், அவர் கொண்டுவந்த தொலைபேசி என்று பதிந்துவிடலாம் என்கிறார் கடைக்காரர். இல்லாவிட்டால் 130,000 ரூபாவைத் திருப்பித் தருகிறாராம். மகனின் நண்பனோ, 8,000 ரூபா கொடுத்தால் தொலைபேசியின் அடையாள இலக்கத்தை மாற்றித்தர ஆள் இருக்கிறது என்கிறான். எனக்கு மோசடி வழக்கும் மன உளைச்சலுக்கு நட்டஈடும் வேண்டும். முடியுமா? (ஜூன் 3)

பதில்:

இங்கே சுருக்கித் தந்திருக்கும் உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் கடைக்காரரின் நடத்தையைப் பற்றியது. உங்கள் கணவரின் நண்பர் என்று நம்பிப் போன இடத்தில் இப்படி நடந்தது உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் நீதிமன்றத்துக்கு அந்த நட்பும் தேவையில்லை, அந்தச் சத்தமும் தேவையில்லை. ஒப்பந்தத்தை மீறியதற்கு எமது உரோமன் டச்சுச் சட்டம் கொடுப்பது பணநட்டத்தை மட்டுமே. மன உளைச்சலுக்கு அங்கே இடமில்லை. மோசடி என்றால், விற்ற அந்த நேரத்திலேயே அவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று காட்டவேண்டும். பணத்தின் பெரும்பகுதியைத் திருப்பித் தர முன்வரும் ஒருவர் மீது அதை நிரூபிப்பது கடினம். பொலிஸ் நிலையத்திலும் இது குடியியல் பிணக்கு என்று சொல்லியே உங்களை அனுப்புவார்கள்.

உங்கள் விடயத்தில் சட்டத்துக்குத் தேவையான கேள்வி ஒன்றே. மார்ச் 22 ஆம் திகதி உங்கள் கையில் தரப்பட்ட இந்தத் தொலைபேசியின் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கங்கள், அதாவது கருவியை அடையாளம் காட்டும் இலக்கங்கள், இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவாகியிருந்தனவா, அதே இலக்கங்கள் கடைக்காரர் தந்த பற்றுச்சீட்டில் எழுதப்பட்டிருக்கின்றனவா? நான்கு பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இலக்கங்கள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு சிம் போடும் தொலைபேசிக்கு இரண்டு ஐ.எம்.ஈ.ஐ. இலக்கங்கள் இருக்கும். பற்றுச்சீட்டில் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே எழுதுகிறார்கள். *#06# என்று அழுத்தி இரண்டையும் திரையில் எடுங்கள். ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் தட்டச்சுச் செய்து, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் எழுதி, 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். இரண்டு இலக்கங்களுக்கும் தனித்தனியாக அனுப்பவேண்டும். வரும் பதில்களை அழியாமல் வைத்திருங்கள். பிறகு தொலைபேசித் திரை, பெட்டியில் ஒட்டியுள்ள சீட்டு, பற்றுச்சீட்டு மூன்றும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். உங்கள் வழக்கின் முதுகெலும்பு அந்தப் படம்தான்.

பற்றுச்சீட்டில் “துபாய் செட், கடை வாரண்டி ஒரு மாதம்” என்பதற்கு மேல் எதுவும் இல்லாவிட்டால், இனிமேல் அவருடன் வாய்ப்பேச்சு வேண்டாம். “மார்ச் 22 இல் உங்களிடம் வாங்கிய தொலைபேசியின் பதிவு எப்போது கிடைக்கும்?” என்று, இரண்டு இலக்கங்களையும் குறிப்பிட்டு, வட்ஸ்அப்பில் கேளுங்கள். “வந்துவிடும்” என்று அவர் ஒரு சொல் எழுதினாலே போதும். விற்றவர் தானே என்பதையும், விற்கும்போது பதிவு இருக்கவில்லை என்பதையும் அவர் ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

அந்த இரண்டும் நிலைநாட்டப்பட்டால் சட்டம் உங்கள் பக்கமே. 2025 ஜனவரி இறுதியிலிருந்து, ஆணைக்குழுவில் பதிவாகாத கருவிகள் புதிதாக உள்ளூர் வலையமைப்புகளில் இணைய முடியாது. அதற்கு முன்பே பாவனையில் இருந்தவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. தொலைபேசியை வியாபாரமாக விற்கும் ஒருவர் இதை அறியாதிருந்தேன் என்று சொல்ல முடியாது. எந்தத் தேவைக்காகப் பொருள் வாங்கப்படுகிறதென்று விற்பவருக்குத் தெரிந்திருக்குமானால், அந்தத் தேவைக்கு அது உதவவேண்டும் என்பது 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் நிபந்தனை. சிம் வேலை செய்யாத தொலைபேசி, வைஃபையில் படம் காட்டுகிறதென்பதால் அந்த நிபந்தனையை நிறைவேற்றிவிடாது.

இவ்வளவு நல்ல நிலையில் இருப்பவர்கள் தங்கள் கையாலேயே அதைக் கெடுத்துக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உங்களுக்குச் சொல்லப்பட்டுள்ள யோசனைகளில் இரண்டு அத்தகையவை.

முதலில் அந்த 8,000 ரூபா யோசனை. வலிகாமத்தைச் சேர்ந்த தச்சுத் தொழிலாளி ஒருவர், தொலைபேசியைக் கொண்டு நிலையத்துக்கு வரும்படி பொலிஸார் அழைத்த மறுநாள் காலை, அதையும் அதன் பெட்டியையும் என் மேசையில் வைத்தார். சார்ஜ் செய்யும் துளைக்குள் மரத்தூள் அடைத்திருந்தது. பெட்டியிலிருந்த இலக்கத்தையும் திரையிலிருந்த இலக்கத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். முதல் எட்டு இலக்கங்களே பொருந்தவில்லை. அந்த எட்டும் எந்தத் தயாரிப்பு, எந்த மாதிரி என்பதைக் குறிப்பவை. ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள அவருடைய தொலைபேசி, பட்டன் வைத்த மலிவான தொலைபேசியொன்றின் இலக்கத்தைச் சுமந்துகொண்டிருந்தது. அந்த மலிவான தொலைபேசி எங்கோ களவு போய், அதன் சொந்தக்காரர் முறைப்பாடு செய்திருந்தார். வலையமைப்பு காட்டிய வழியில் பொலிஸார் வந்து நின்றது இவருடைய வீட்டு வாசலில்.

தண்டனைச் சட்டக்கோவையின் 394 ஆம் பிரிவு, களவுப்பொருளை நேர்மையீனமாகப் பெறுதல் பற்றியது. அந்தச் சந்தேகத்திலிருந்து அவரை விடுவிக்க அந்தப் பழைய பெட்டி உதவியது. பெட்டியை எறிந்திருந்தால் என்னிடம் காட்ட எதுவும் இருந்திராது. தொலைபேசி சான்றுப்பொருளாக நீதவான் நீதிமன்றத்துக்குப் போய், பதினான்கு மாதம் கழித்தே திரும்பி வந்தது. அதைவிடப் பெரிய இழப்பு மத்தியஸ்த சபையில் நேர்ந்தது. விற்றவர் பற்றுச்சீட்டின் தன் பிரதியை நீட்டி, “இது நான் வித்த போன் இல்லை ஐயா, நம்பரைப் பாருங்கோ” என்றார். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. கடைக்கும் தொலைபேசிக்கும் இருந்த ஒரே தொடர்பை, 6,000 ரூபா கொடுத்து இலக்கத்தை மாற்றுவித்து, என் கட்சிக்காரரே அறுத்திருந்தார். உங்கள் மகனின் நண்பனுக்கு இதை அப்படியே சொல்லுங்கள்.

கடவுச்சீட்டு யோசனை பார்வைக்கு மரியாதையானது, ஆபத்து அதே அளவு. உங்கள் தம்பி கொண்டுவராத ஒரு பொருளை அவர் கொண்டுவந்ததாக அரச நிறுவனத்துக்கு எழுத்தில் கூறுவது பொய்க்கூற்று. தொலைபேசி தீர்வை செலுத்தாமல் நாட்டுக்குள் வந்திருந்தால், சுங்கத் திணைக்களம் தேடும் இறக்குமதியாளரின் இடத்தில் இப்போது கடைக்காரர் நிற்கிறார். பிரதியைக் கொடுத்த நாளிலிருந்து அங்கே உங்கள் தம்பி நிற்பார். நல்லெண்ணத்தில் வாங்கியவர் என்பதற்காகப் பொருள் பறிமுதலிலிருந்து தப்பிவிடும் என்றும் எண்ணவேண்டாம். அதோடு, தொலைபேசி தம்பியுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு, கடையில் வாங்கினேன் என்று எந்தச் சபையில் போய்ச் சொல்வீர்கள்? கடைக்காரர் இதைத் தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்பது எனக்கு முக்கியமில்லை. பிரதியை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதைப் பயன்படுத்த உங்களுக்கும் தம்பிக்கும் சம்மதமில்லை என்று இன்றே எழுத்தில் அறிவியுங்கள்.

மூன்றாவது ஆபத்து உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. மகன் அந்தத் தொலைபேசியைத் தினமும் பாவிக்கிறான். பொருளை ஏற்க மறுப்பதாக அறிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் ஒருவர் வைத்திருந்தால், அவர் அதை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். அதன் பிறகு பொருளைத் திருப்பிக் கொடுத்து முழு விலையையும் கேட்கும் உரிமை போய்விடும், குறைவுக்கான நட்டத்தை மட்டுமே கேட்கலாம். “பதிவு வரும்” என்று அவர் நம்பவைத்ததால்தான் காத்திருந்தேன் என்று நீங்கள் வாதிடலாம், அது நல்ல வாதமும்கூட. ஆனால் ஒவ்வொரு நாள் பாவனையும் அதைப் பலவீனப்படுத்துகிறது. இன்றிரவே தொலைபேசியை நிறுத்திப் பெட்டியில் வைத்துவிட்டு, பொருளை ஏற்கவில்லை, பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அந்தக் கடிதத்தில் “தராவிட்டால் பொலிஸுக்கும் ஆணைக்குழுவுக்கும் சொல்வேன்” என்ற வசனத்தை எழுதாதீர்கள். பயமுறுத்திப் பணம் பறிக்க முயன்றதாக உங்கள் மீதே முறைப்பாடு செய்ய அது இடம்கொடுக்கும். முறைப்பாடு செய்வதானால் செய்யுங்கள், அதைப் பேரப்பொருளாக்க வேண்டாம்.

முகநூல் பதிவை மகன் உடனே நீக்கவேண்டும். குற்றவியல் அவதூறு 2002 இல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டதென்பது உண்மைதான், ஆனால் மானநட்டம் கேட்டுக் குடியியல் வழக்கிடும் உரிமை அப்படியே இருக்கிறது. “பதிவில்லாத தொலைபேசி விற்றார்” என்பது உங்களால் நிரூபிக்கக்கூடிய செய்தி. “கள்ளர்” என்பது அப்படியல்ல.

காலக்கெடு ஒன்றும் நெருங்குகிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யவேண்டும். உங்களுக்கு ஜூன் 22 உடன் அது முடிகிறது. சமரசப் பேச்சு நடக்கிறதே என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். “அடுத்த கிழமை வாங்கோ” என்ற பேச்சிலேயே மூன்று மாதத்தையும் கடத்திவிடுவது பழகிய வியாபாரிகளுக்குக் கைவந்த கலை.

இனி, வழக்குப் போடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். போடாதீர்கள், பணத்தை வாங்குங்கள். இந்தத் தொகைக்கு நீதிமன்றம் போவதற்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் பெறவேண்டும். அங்கே சட்டத்தரணி உங்களுக்காகத் தோன்ற முடியாது. அதற்குப் பிறகு நீதிமன்றத்தில் கழியும் காலமும், எனக்கும் என் இலிகிதருக்கும் பயணத்துக்கும் நீங்கள் செலவழிக்கும் காசும், நீங்கள் சண்டை பிடிக்கும் 35,000 ரூபாவை விழுங்கிவிடும். முழுத் தொகையையும் கேட்டுத் தொடங்குங்கள். பதிவில்லாத கருவியை விற்றது பற்றி ஆணைக்குழு விசாரிப்பதை அவர் விரும்பமாட்டார். நீங்கள் அதைச் சொல்லாமலே அவருக்கு அது தெரியும். 150,000 க்கு வந்தால் கைகொடுங்கள். 140,000 இல் நின்றுவிட்டாலும் வாங்குங்கள். அதற்கு மேல் அசையாமல் 130,000 தான் என்றால், மத்தியஸ்த சபையில் ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டு, அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பணத்துக்குப் பதிலாக வேறொரு தொலைபேசி தருகிறேன் என்றால், அதன் இரண்டு இலக்கங்களையும் கடையிலேயே நின்று 1909 க்கு அனுப்பிப் பதில் வரும்வரை பழையதைக் கொடுக்காதீர்கள். பொறுமையிழந்து, சொல்லாமல் கொள்ளாமல் வேறொருவருக்கு விற்றுவிட்டால், இன்று நீங்கள் கடைக்காரரைப் பற்றி எனக்கு எழுதியதை நாளை உங்களிடம் வாங்கியவர் உங்களைப் பற்றி எழுதுவார்.

சமரசத்தை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடவேண்டும். அதில் திகதி, தொகை, இரண்டு ஐ.எம்.ஈ.ஐ. இலக்கங்கள், தொலைபேசி திருப்பிக் கொடுக்கப்பட்டது என்ற வசனம் ஆகியவை இருக்கட்டும். பின்திகதியிட்ட காசோலையை ஏற்கவேண்டாம். மகனின் படங்களையும் கணக்குகளையும் அழித்துத் தொலைபேசியை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவாருங்கள், பெட்டியையும் சீட்டுகளையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வரியில் கையொப்பமிடுவதும் தொலைபேசியை அவருடைய மேசையில் வைப்பதும், உங்கள் கணக்கில் பணம் விழுந்ததென்ற வங்கியின் குறுஞ்செய்தியை நீங்கள் வாசித்த பின்னர் நடக்கட்டும்.