பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன்: எந்த வருட மாடல், எது அசல்? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, லண்டனில் ஒரு வேன் பார்த்திருக்கிறேன். பதிவுப் புத்தகத்தில் 1971 நவம்பர் என்று இருக்கிறது. விற்பவர் 1971 மாடல் என்கிறார், உதிரிபாகக் கடைக்காரர் 1972 மாடல் என்கிறார். சேசிஸ் நம்பர் 2322 என்று தொடங்குகிறது.

பதில்: கடைக்காரர் சொல்வதுதான் சரி. ஃபோக்ஸ்வாகனில் புது மாடல் வருடம் ஆகஸ்ட் மாதம் தொடங்கும். 1971 ஆகஸ்ட் முதல் 1972 ஜூலை வரை செய்த வண்டிகள் எல்லாம் 1972 மாடல்தான். உங்கள் நம்பரே அதைச் சொல்கிறது. முதல் 2 என்றால் டைப் 2, அதாவது வேன். அடுத்த 3, ஜன்னல் வைத்த கோம்பி. கேம்பராக, அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வேனாக, மாற்றிய வண்டிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். மூன்றாவது இலக்கம் மாடல் வருடத்தின் கடைசி எண். நான்காவதாக வரும் 2, 1970களின் வண்டிகள் எல்லாவற்றிலும் இருக்கும். பத்து இலக்க நம்பர் 1970 மாடலில் வந்தது. 1965 முதல் 1969 வரையான மாடல்களில் ஒன்பது இலக்கம்தான், ஆனால் மாடல் வருடம் அதே மூன்றாம் இடத்தில் இருக்கும்.

பதிவுத் தேதி என்பது வண்டி முதலில் சாலைக்கு வந்த தேதி மட்டுமே. ஷோரூமில் பல மாதம் நின்ற வண்டிகளும், வேறு நாட்டிலிருந்து வந்து மறுபடி பதிவான வண்டிகளும் நிறைய உண்டு.

வாங்குவதாக இருந்தால், ஓட்டுவதற்கு முன் பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் மாற்றிவிடுங்கள். கார்புரேட்டர் வண்டிக்கு உள்விட்டம் 5 மி.மீ.

கேள்வி: அந்த நம்பரை எங்கே பார்ப்பது?

பதில்: வண்டியின் பின்னால் உள்ள இன்ஜின் மூடியைத் திறந்தால், இன்ஜின் அறையின் வலப்பக்கத் தகட்டிலேயே குத்தியிருக்கும். அதோடு முன் இருக்கைக்குப் பின்னால் உள்ள தடுப்பில் ஒரு சிறிய அலுமினியத் தகடும் இருக்கும். எம் தகடு என்பார்கள். அதில் பெயிண்ட், இருக்கைத் துணி, கூடுதல் வசதிகள், போய்ச் சேர வேண்டிய நாடு எல்லாம் குறியீடாக இருக்கும். 1970களின் தகடுகளில் செய்த வாரமும் கிழமையும் கூடக் கிடைக்கும். ஆனால் இந்தத் தகட்டைப் புதிதாக அடித்து விற்கிறார்கள். அதனால் தகடும் இன்ஜின் அறையில் குத்திய நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். குத்திய இடத்தைச் சுற்றி வெல்டிங் வரியோ பட்டியோ (பள்ளத்தை நிரப்பிப் பூசும் பசை) தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம்.

கேள்வி: முன்பக்கப் படம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். எந்த வருடம் சார்?

பதில்: முன்கண்ணாடி நடுவில் பிரிந்திருந்தால் 1967 ஜூலைக்கு முந்தைய ஜெர்மன் வண்டி. ஒரே வளைந்த கண்ணாடி என்றால் அதற்குப் பிந்தையது. இதற்கு மேல் நம்பர் வேண்டும்.

கேள்வி: பாரிஸில் ஒரு வண்டி. முன்னால் இண்டிகேட்டர் கீழே, பம்பருக்குச் சற்று மேலே இருக்கிறது. பின்னால் உயரமான பெரிய விளக்கு. இரண்டு வண்டியை வெட்டி ஒட்டியது என்று மெக்கானிக் அடித்துச் சொல்கிறார். விட்டுவிடவா?

பதில்: அவசரப்பட வேண்டாம். இது தொழிற்சாலையே செய்த கலவை, 1972 மாடலில் மட்டும் வந்தது. 1971 ஆகஸ்டில் பெரிய 1700 சிசி இன்ஜினுக்கு இடம் வேண்டி இன்ஜின் அறையைப் பெரிதாக்கினார்கள். அப்போது பின்பக்கம் முழுவதும் மாறியது. பக்கவாட்டுக் காற்று வாய்கள் பெரிதாயின, பின்விளக்கு உயர்ந்தது, கழற்றக்கூடியதாக இருந்த பின் கீழ்த்தகடு உடலோடு சேர்ந்த ஒன்றாகிவிட்டது. முன்பக்கத்தைத் தொட்டது அடுத்த வருடம்தான். 1972 ஆகஸ்டில் இண்டிகேட்டர் மேலேறி காற்று கிரில்லின் இரு பக்கமும் போனது, பம்பர் சதுரமானது. ஆக, பழைய முகமும் புது முதுகும் அந்த ஒரு வருட வண்டிக்கு அசல் அடையாளம்.

மறுப்பு (அதே மெக்கானிக்கின் நண்பர்): விளக்கை யாரும் எங்கும் வெட்டி வைக்கலாம். கீழ் இண்டிகேட்டருக்கு விலை அதிகம் என்று 1974 வண்டிக்குப் பழைய முகம் ஒட்டியவர்கள் இருக்கிறார்கள். விளக்கை வைத்து எப்படி நம்புவது?

பதில்: நியாயமான கேள்வி. விளக்கை மட்டும் வைத்து நம்பக் கூடாது. கதவைத் திறந்து கால் வைக்கும் படியைப் பாருங்கள். பழைய முகத்துக்கு உரிய பம்பரின் இரு ஓரமும் வளைந்து படியாகவே இருக்கும், அதில் கால் வைத்துத்தான் ஏறுவார்கள். 1973 மாடலில் படி கதவுக்கு உள்ளே போய்விட்டது. கீழ் இண்டிகேட்டரும் உள் படியும் ஒரே வண்டியில் இருந்தால் முகம் மாற்றியது என்று அர்த்தம். பம்பரை மாற்றலாம், முகத்தை ஒட்டலாம். உள் படியை அழிக்க வேண்டுமானால் கேபின் தரையையே மாற்ற வேண்டும், அந்தச் செலவை யாரும் செய்வதில்லை.

மறுப்பு: பிரேக்கைப் பார்த்தால் போதாதா? 1972 என்றால் முன்னால் டிஸ்க் இருக்க வேண்டுமே.

பதில்: போதாது. டிஸ்க் 1970 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. சக்கர போல்ட் வட்டமும் அப்போதுதான் 205-இலிருந்து 112 மி.மீ. ஆனது. அதற்கு முந்தைய டிரம் வண்டிக்கும் பின்னாளில் முன் அச்சோடு டிஸ்க்கை மாட்டியிருப்பார்கள். போல்ட் போட்டு மாட்டும் எதுவும் வருடத்துக்குச் சாட்சி ஆகாது.

கேள்வி: போட்டோ அனுப்பியிருக்கிறேன், எந்த வருடம்?

பதில்: நம்பர் அனுப்புங்கள். மேலே விளக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, 23 ஜன்னல் சாம்பா (கூரை ஓரத்திலும் ஜன்னல் வைத்த சொகுசு வேன்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1965 வண்டி என்கிறார்கள்.

பதில்: 1965-இல் 23 ஜன்னல் கிடையாது. 1963 ஆகஸ்டில் பின்கதவை அகலமாக்கியபோது பின்மூலையின் இரண்டு வளைந்த ஜன்னல்களும் போய்விட்டன. அதன் பிறகு 21தான். 1965 சாம்பா என்றால் சேசிஸ் நம்பர் 24 அல்லது 25 என்று தொடங்க வேண்டும். 23 என்று தொடங்கினால் சாதாரண கோம்பியின் கூரையை அறுத்துக் கண்ணாடி பதித்த வண்டி. கூரையின் உள் துணியை ஓர் ஓரத்தில் இறக்கி, ஜன்னல் விளிம்பைத் தடவிப் பாருங்கள். தொழிற்சாலை விளிம்பில் ஸ்பாட் வெல்டிங் குழிகள் ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். பின்னாளில் செய்ததில் கிரைண்டர் கோடும் பட்டியும் கையில் தட்டுப்படும்.

கேள்வி: பிரேசில் கோம்பி வாங்கலாமா? அசல் இல்லை என்கிறார்களே.

பதில்: அசல் ஃபோக்ஸ்வாகன்தான். அதை ஜெர்மன் வண்டி என்று விற்பதுதான் தவறு. பிரேசிலில் பிரிந்த கண்ணாடி வண்டி 1975 வரை ஓடியது. அதன் பிறகு வந்ததில் முகம் மட்டும் புதியது, பக்க ஜன்னலும் கீல் வைத்த கதவும் பழையவை. இழுத்துத் திறக்கும் கதவும் உயர்ந்த கூரையும் 1997-இல் வந்தன. 2005 இறுதியில் தண்ணீரில் குளிரும் 1.4 லிட்டர் இன்ஜின் வந்தது. ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் கட்டாயம் என்ற சட்டத்தால் 2013 டிசம்பரில் உற்பத்தி நின்றது. 17 இலக்க நம்பர் 9பிடபிள்யூ என்று தொடங்கினால் பிரேசில்.

கேள்வி: என்ன விலைக்கு வாங்கலாம்?

பதில்: விலை என் துறை இல்லை. உங்கள் ஊர் மதிப்பீட்டாளரைக் கேளுங்கள்.

கேள்வி: டொராண்டோவில் ஒரு வெஸ்ட்ஃபாலியா (அந்த ஜெர்மன் நிறுவனம் கேம்பராக மாற்றிய வேன்), 1973 மாடல் என்கிறார்கள். மேல் கூரையை முன்பக்கம்தான் தூக்க வேண்டியிருக்கிறது. சரியா?

பதில்: கூரை சரியில்லை. 1973 வரை கீல் முன்னால், அதனால் பின்பக்கம்தான் உயரும், சாமான் தட்டு பின்னால். 1974 மாடலில் கீல் பின்னால் போனது, தட்டு ஓட்டுநர் தலைக்கு மேல் வந்தது. நம்பர் 2332 என்று தொடங்குகிறதா பாருங்கள். தொடங்கினால் கூரை வேறு வண்டியுடையது. கூரை பக்கவாட்டில் திறந்தால் அது வெஸ்ட்ஃபாலியாவே இல்லை, டோர்மொபில் போன்ற பிரிட்டிஷ் மாற்றமாக இருக்கும்.

அந்த வண்டியில் பெட்ரோல் இன்ஜெக்ஷன் மாட்டியிருந்தால் 7 மி.மீ. உயர் அழுத்த ஹோஸ்தான் போட வேண்டும், சாதாரண ஹோஸ் தாங்காது.

கேள்வி: உதிரிபாகம் அசலா, நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பொருளிலேயே குத்தியுள்ள நம்பரைப் பாருங்கள். முதல் மூன்று இலக்கம் 211 என்றால் வேனுக்கென்றே செய்தது. 111, 113 என்று இருந்தாலும் பதற வேண்டாம், பீட்டிலோடு பகிர்ந்துகொண்ட பொருள். 021, 022 பெரிய இன்ஜினுக்கு உரியவை. அடுத்த மூன்று இலக்கத்தின் முதல் எண் பிரிவைச் சொல்லும். 1 இன்ஜின், 6 சக்கரமும் பிரேக்கும், 8 உடல், 9 மின்சாரம். கடைசியில் வரும் எழுத்து திருத்தப்பட்ட வடிவத்தைக் குறிக்கும். இடம் வலமாக வரும் பொருளில் நம்பரின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் இடது, இரட்டைப்படை என்றால் வலது.

பிறகு செய்தவர் பெயர். விளக்கில் ஹெல்லா, மின்சாரத்தில் போஷ், ஸ்பீடோமீட்டரில் விடிஓ. விளக்குக் கண்ணாடியில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் 1-ம் இருந்தால் ஜெர்மனியில் ஒப்புதல் பெற்றது. இரும்பு ரிம்மில் மாதமும் வருடமும் குத்தியிருக்கும். ஸ்பேர் சக்கரத்தை மறக்காமல் பாருங்கள். மற்ற நான்கையும் மாற்றியவர்கள் பெரும்பாலும் அதை அப்படியே விட்டுவிடுவார்கள், வண்டியோடு வந்த தேதி அதில் கிடைக்கும்.

கேள்வி: படம் அனுப்பினேனே, பதில் இல்லையே?

பதில்: நம்பர் இல்லாத படத்துக்கு இனி பதில் சொல்லப் போவதில்லை, மன்னிக்கவும்.

கேள்வி: பெட்ஃபோர்ட் கேம்பர் பற்றிச் சொல்வீர்களா?

பதில்: எனக்குப் பழக்கமில்லை. பெட்ஃபோர்ட் சங்கத்தாரிடம் கேளுங்கள்.

மறுப்பு (மறுபடி அந்த நண்பர்): பாரிஸ் வண்டியில் படி பம்பரில்தான் இருக்கிறது, உள்ளே இல்லை. நம்பர் 2322. ஆனால் இன்ஜின் 1600 சிசி, விசிறி மேலே நிமிர்ந்து நிற்கும் வகை. பெரிய இன்ஜினுக்காகச் செய்த அறையில் இது எப்படி?

பதில்: 1700 வந்த பிறகும் ஐரோப்பாவில் 1600 இன்ஜினோடும் வண்டி கொடுத்தார்கள், அறை இரண்டுக்கும் ஒன்றுதான். டைனமோ தாங்கிக்குக் கீழே கிராங்க் கேஸில் இன்ஜின் நம்பர் குத்தியிருக்கும். ஏடி என்று தொடங்கினால் அந்த வருடத்துக்குப் பொருத்தம். பி என்று தொடங்கினால் 1970 ஜூலைக்கு முந்தைய இன்ஜினை யாரோ மாட்டியிருக்கிறார்கள். அப்போதும் வண்டி 1972தான். நம்பரைப் பார்க்கக் குனியும்போது, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் பித்தளைக் குழாயை விரலால் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.